தினம் ஒரு ஓவியம்: கலரைத் தொடும் முன் வெளிச்சமும் இருட்டும்

தினம் ஒரு படம் என்று ஆரம்பித்த ஸ்கெச் நோட்டுகளைப் புரட்டினால், பெரும்பாலும் பத்துப் பக்கத்தோடு நின்றுபோயிருக்கும். பிள்ளைக்குச் சோம்பல் என்று பெற்றோர் சொல்வார்கள். நோட்டு வேறு கதை சொல்கிறது. முதல் நாள் டிராகன், மறுநாள் பனி மூடிய வீடு, அதற்கு மறுநாள் நடிகர் முகம். ஒருநாள் ஸ்கெச் பேனா, ஒருநாள் க்ரேயான், ஒருநாள் வாட்டர்கலர். நேற்று செய்த தவறை இன்று திருத்திப் பார்க்க வழியே இல்லை. இப்படி நூறு படம் போட்டாலும் கை நின்ற இடத்தில்தான் நிற்கும்.

அக்டோபர் மாதம் முழுக்க மையில் வரையும் இங்க்டோபர் சவாலை 2009இல் ஆரம்பித்தவர் அமெரிக்க ஓவியர் ஜேக் பார்க்கர். தன்னுடைய மை வேலை தேறவேண்டும் என்றுதான் தொடங்கினார். ஒரே மீடியம், ஒரே குறிக்கோள். நாளுக்கொரு தலைப்பு என்ற பட்டியலெல்லாம் பிறகு சேர்ந்தது. இன்று பலரும் பட்டியலைப் பிடித்துக்கொண்டு, குறிக்கோளை விட்டுவிடுகிறார்கள்.

சேலத்தில் இருப்பவர் பனி வீட்டை வரைய வேண்டியதில்லை. ஜன்னலோரம் மாம்பழம், மேசையில் வெள்ளிக் கொலுசு, மொட்டை மாடிக்குப் போனால் வடக்கே சேர்வராயன் மலை. கண்ணெதிரே இருப்பதை வரைந்தால்தான் தப்பு தெரியும், தெரிந்தால்தான் திருத்தலாம்.

"சார், கலர் சரியா வரலை" என்று மாணவர்கள் கொண்டுவரும் படங்களில் முக்கால்வாசிக்கு மேல் கலர் சரியாகவே இருக்கும். டோன்தான் தப்பாயிருக்கும். டோன் என்றால் ஓர் இடம் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்ற கணக்கு. படத்தைப் போனில் போட்டோ எடுத்துக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். பழமும் பின்னால் இருக்கும் சுவரும் ஒரே சாம்பலாக ஒட்டிக்கொண்டால், எந்தக் கலரைப் பூசியும் பழம் முன்னால் எழுந்து வராது.

அதனால் நாம் செய்யப்போகும் முப்பது நாள் சவாலில் முதல் ஏழு நாள் பென்சில் மட்டும். 2பி ஒன்று, அதைவிட மென்மையான, இன்னும் கறுப்பாக விழும் 6பி ஒன்று போதும். பக்கத்தின் ஓரத்தில் ஐந்து கட்டம் போட்டு, வெள்ளைத் தாளிலிருந்து முழு இருட்டு வரை படிப்படியாக நிரப்புங்கள். பலருக்கும் மூன்றாவது கட்டத்திலேயே இருட்டு தீர்ந்துவிடும். அல்லது நான்காவதும் ஐந்தாவதும் ஒன்றாகிவிடும். ஏழு நாளும் அந்தப் பட்டையை மறுபடி போடவேண்டும். பிறகு பொருளைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, எந்த இடம் எத்தனையாவது கட்டம் என்று முடிவு செய்து வரையுங்கள். மொத்தம் இருபது நிமிடம். எட்டு வயதுக்குக் கீழ் என்றால் பத்து நிமிடம் தாராளம்.

எட்டாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை ஒரே ஒரு பெயின்ட், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு வாட்டர்கலர். இதில் கற்பது தண்ணீரின் அளவைத்தான். நீர்மோர் பதம், பால் பதம், தயிர் பதம் என்று மூன்று கலவையைப் பேலட்டில் (கலர் கலக்கும் தட்டில்) தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வாட்டர்கலர் காய்ந்தால் வெளிறும். ஈரத்தில் சரியாகத் தெரிந்தது காய்ந்தபின் நோஞ்சானாகத் தெரியும். அதனால் வேண்டியதைவிட ஒரு படி கூடவே இருட்டாகப் போடவேண்டும். பாதி காய்ந்த இடத்தில் ஈர பிரஷை வைத்தால் காலிஃபிளவர் மாதிரி விளிம்பு விரியும். ஒன்று, பளபளப்பான ஈரம் இருக்கும்போதே தொடுங்கள்; இல்லை, முழுக்கக் காயவிடுங்கள்.

சேலத்துச் சித்திரை வெயிலில் மதியம் உட்கார்ந்தால், ஒரு பூச்சை முடிப்பதற்குள் முதல் பாதி காய்ந்து விளிம்பு விழுந்துவிடும். காலையிலேயே போடுங்கள். தாளின் பின்பக்கத்தை லேசாக ஈரப்படுத்திக்கொண்டாலும் நேரம் கிடைக்கும். ஏற்காட்டில் மூடுபனி நாளில் இதற்கு நேர்மாறு: பத்து நிமிடம் ஆனாலும் தாள் ஈரமாகவே கிடக்கும். இரண்டு சிறு படங்களை மாற்றி மாற்றிப் போடுவது நல்லது.

தாளில் சிக்கனம் வேண்டாம். மெல்லிய டிராயிங் நோட்டில் தண்ணீர் பட்டால் தாள் அலை அலையாக எழும்பி, இரண்டாவது பூச்சில் மேல்தோல் உரிந்துவிடும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள தாள் ஏ4 அளவில் வாங்கி நான்காக வெட்டுங்கள். எட்டுத் தாள் ஒரு மாதத்துக்கு ஆகும். 24 கலர் செட் வேண்டாம். லெமன் யெல்லோ, கிரிம்சன் சிவப்பு, அல்ட்ராமெரின் ப்ளூ, பர்ன்ட் சியன்னா, இந்த நான்கு டியூபும் எட்டாம் நம்பர், மூன்றாம் நம்பர் ரவுண்டு பிரஷும் போதும். கறுப்பு வேண்டாம். பிரஷ் நுனியை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கம் மட்டும் கூடவே கூடாது. சில பெயின்ட்களில் காட்மியம், கோபால்ட் போன்ற உலோகச் சேர்மங்கள் உண்டு.

பதினைந்தாம் நாள் முதல் நான்கு டியூபும் வெளியே வரலாம். மாம்பழத்தை எடுத்துக்கொள்வோம். எல்லோரும் நிழலுக்கு மஞ்சளில் கறுப்பைக் கலக்குகிறார்கள். மஞ்சளும் கறுப்பும் சேர்ந்தால் பாசிப் பச்சைதான் வரும், பழம் அழுகியது போலத் தெரியும். மஞ்சளை மஞ்சளாகவே வைத்துக்கொண்டு இருட்டாக்க முடியாது. அது வேறு கலருக்கு நகர்ந்துதான் இருட்டாகும். முதலில் பழம் முழுக்க நீர்மோர் பதத்தில் லெமன் யெல்லோ. வெளிச்சம் பட்டு மின்னும் இடத்தை வெள்ளைத் தாளாகவே விடுங்கள். ஈரத்திலேயே காம்புப் பக்கம் கிரிம்சனை லேசாகத் தொட்டுவிட்டால் சிவப்பு தானாகப் பரவும். முழுக்கக் காய்ந்ததும், மஞ்சளில் பர்ன்ட் சியன்னா கலந்து பால் பதத்தில் நிழல் பக்கத்தை மூடுங்கள். கடைசியாக, பழம் மேசையைத் தொடும் இடத்தில் மட்டும் கிரிம்சனும் அல்ட்ராமெரினும் கலந்த ஊதாவைத் தயிர் பதத்தில் மெல்லிய கோடாக இழுங்கள். அந்த ஒரு கோடு இல்லாவிட்டால் பழம் அந்தரத்தில் மிதக்கும்.

கலக்கும்போது இன்னொன்று. மஞ்சளில் நீலத்தைச் சேருங்கள், நீலத்தில் மஞ்சளைச் சேர்க்காதீர்கள். கடுகளவு நீலம் ஒரு குழி மஞ்சளையே மாற்றிவிடும். தலைகீழாகச் செய்தால் பாதி டியூப் மஞ்சள் வீண். தண்ணீருக்கு இரண்டு டம்ளர் வையுங்கள்: ஒன்று பிரஷ் கழுவ, மற்றது கலக்க.

வெள்ளிக் கொலுசுக்கு சில்வர் பெயின்ட் தேடி அலையவேண்டாம். வெள்ளி தெரிவது கலரால் அல்ல, வெள்ளைக்கு ஒட்டியே வரும் கன்னங்கரிய இருட்டால். அல்ட்ராமெரினும் பர்ன்ட் சியன்னாவும் கெட்டியாகச் சேர்ந்தால் கறுப்புக்கு மிக அருகில் வரும். நீலம் கூடினால் குளிர்ந்த சாம்பல். வெள்ளைத் தாளை விட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே இந்த இருட்டைக் கூர்மையான விளிம்போடு வையுங்கள். சிவப்புப் பட்டின் மேல் கொலுசு கிடந்தால் அதன் சாம்பலில் துளி கிரிம்சன் சேரவேண்டும்.

மலைக்குப் போனால் சிக்கல் பச்சைதான். டியூபிலிருந்து நேரே வரும் பச்சை பிளாஸ்டிக் இலை போலிருக்கும். மஞ்சளும் நீலமும் கலந்தே பச்சையை உண்டாக்குங்கள்; காபி இலைக்கு அதில் அல்ட்ராமெரினைக் கூட்டி, துளி பர்ன்ட் சியன்னா. மின்னும் இலையின் மேற்பரப்பில் வானம் பிரதிபலிப்பதால் அந்த இடம் வெளிர் நீலம். சில்வர் ஓக் இலையின் அடிப்பக்கம் வெளுப்பு; காற்றில் திரும்பும் இலைகளுக்குத் தாளையே விட்டுவிடலாம். தூரத்து மலைமுகட்டில் பச்சையே வேண்டாம்: அல்ட்ராமெரின் நீர்மோர் பதம், டோன் பட்டையில் இரண்டாவது கட்டத்தைத் தாண்டாமல். மூடுபனிக்கு வெள்ளை பூசாமல், ஈரத்தில் டிஷ்யூ தாளால் ஒற்றி எடுங்கள்.

இரவில் கலர் வேலை வேண்டாம். மஞ்சள் பல்பின் கீழ் லெமன் யெல்லோ தாளோடு கரைந்து, போட்டோமா இல்லையா என்றே தெரியாது. காலையில் பார்த்தால் இரண்டு மடங்கு பூசியிருப்போம். பள்ளியோ வேலையோ முடித்து இரவில்தான் நேரம் என்றால் அன்றைக்குப் பென்சில். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு படம் போட்டு ஈடுகட்டவேண்டாம், அவசரத்தில் இரண்டும் கெடும். அந்தத் தேதியைக் காலியாகவே விட்டுவிட்டுத் தொடருங்கள்.

கடைசி ஆறு நாளும் முதல் நாள் வரைந்த அதே பொருள்தான். அதனால் முதல் நாளுக்கு மாம்பழம் ஆகாது, அழுகிவிடும். பித்தளைச் செம்பு, அகல் விளக்கு மாதிரி ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள். முப்பதாம் நாள் படத்தையும் முதல் நாள் பக்கத்தையும் ஜன்னலருகே, நேர் வெயில் படாமல் அடுத்தடுத்து வைத்து, ஒரே போட்டோவாக எடுத்துக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள். முதல் படத்தில் ஒட்டிக்கிடந்த வெளிச்சப் பக்கமும் நிழல் பக்கமும் கடைசிப் படத்தில் பிரிந்து தெரிகின்றனவா என்று மட்டும் பாருங்கள். இன்னும் ஒட்டியிருந்தால், அடுத்த மாதம் மறுபடி பென்சில் வாரத்திலிருந்து.