உங்கள் பையனுக்குத் தைரியம் போதாது என்று யார் சொன்னது?

மறுபடியும் அதே கதை. வெள்ளிக்கிழமை இரவு ஆட்டம், மூன்றாவது குவார்ட்டர். பையன் தலையைக் குனிந்துகொண்டு ஓடிப்போய், பந்தோடு வருகிறவனின் இடுப்பில் மண்டையால் இடித்தான். எழுந்துவிட்டான். ஆனால் தன் ஆட்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்றே அவனுக்குத் தெரியவில்லை. ஹெல்மெட்டை வாங்கி என்னிடமே வைத்துக்கொண்டேன் (கையில் கொடுத்தால் திரும்ப உள்ளே ஓடிவிடுவார்கள்). வேலியோரம் வந்து நின்ற அப்பா முதலில் கேட்டது, "மேடம், அடுத்த வாரம் ஆடிடுவானா?" அடுத்து அவர் சொன்னதுதான் என்னை இதை எழுத வைத்தது. "போன வாரம் ரெண்டு டேக்கிள் விட்டுட்டான் மேடம். யுஎஸ்சி பசங்க மாதிரி பயந்துக்கிட்டு ஆடாதேடா, போய் மோதுன்னு நான்தான் சொன்னேன்." (டேக்கிள் என்றால் பந்தோடு ஓடி வருகிறவனைப் பிடித்துக் கீழே வீழ்த்துவது. யுஎஸ்சி என்றால் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், அவர் சொன்னது அதன் ஃபுட்பால் அணியை.)

நான் தெற்கு கலிஃபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளி அணிகளுக்கு அத்லெட்டிக் டிரெயினராக இருக்கிறேன். ஜிம்மில் பக்கத்தில் நின்று எண்ணிக்கை சொல்கிற டிரெயினர் இல்லை. காயத்தைப் பார்ப்பதும், யார் ஆடலாம், யார் வெளியே உட்கார வேண்டும் என்று சொல்வதும்தான் வேலை. நான் பேசுவது அமெரிக்க ஃபுட்பாலைப் பற்றி. இங்கே வளரும் நம் பிள்ளைகள் சிலரும் இப்போது அதற்குப் போகிறார்கள். அப்பாக்கள் சனிக்கிழமை டிவியில் கல்லூரி ஆட்டம் பார்த்துப் பாதி நிபுணராகிவிடுகிறார்கள். அதில் தப்பில்லை. அங்கே பார்த்ததைத் தப்பாகப் புரிந்துகொண்டு பையனின் கழுத்தில் ஏற்றும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, அந்த யுஎஸ்சி விஷயத்துக்கே வருகிறேன். 2021 நவம்பர் இறுதியில் தலைமைக் கோச் லிங்கன் ரைலி ஓக்லஹோமா பல்கலைக்கழகத்திலிருந்து யுஎஸ்சிக்கு வந்தார். தாக்குதல் ஆட்டத்தில் மேதை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அவரது முதல் பருவமான 2022-லேயே, பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸ் கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை வாங்கினார், அணி 11 ஆட்டங்களை வென்றது. ஆனால் பின்பக்கம், அதாவது டிஃபென்ஸ் என்கிற தடுப்பாட்டம், ஒழுகிக்கொண்டே இருந்தது. பேக்-12 (யுஎஸ்சி அப்போது ஆடிய லீக்) இறுதிப் போட்டியில் யூட்டாவுக்கு எதிராக 17-3 என்று முன்னால் நின்றுவிட்டு 47-24 என்று தோற்றார்கள். 2023 ஜனவரி 2 அன்று காட்டன் பவுல், அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம். துலேனுக்கு எதிராக ஆட்டம் முடிய நாலரை நிமிடம் இருக்கும்போது 15 புள்ளி முன்னிலை. தோற்றார்கள், 46-45. கடைசி டச்டவுன் விழும்போது கடிகாரத்தில் 9 வினாடி.

அடுத்த பருவம், 2023, இன்னும் மோசம். கொலராடோவுக்கு 41 புள்ளி கொடுத்துத்தான் வென்றார்கள், அரிசோனாவுக்கு 41 கொடுத்து மூன்று கூடுதல் நேரங்களில் வென்றார்கள், கலிஃபோர்னியா பெர்க்லியை 50-49 என்று தாண்டினார்கள். வாஷிங்டனுக்கு எதிராக 42 எடுத்தும் 52 கொடுத்துத் தோற்றார்கள்; அந்த ஒரு ஆட்டத்தில் டிலன் ஜான்சன் மட்டும் பந்தை எடுத்துக்கொண்டு 256 யார்டு ஓடினார். மறுநாளே டிஃபென்ஸ் கோச் அலெக்ஸ் கிரின்ச்சுக்கு வேலை போயிற்று. 13 ஆட்டங்களில் 447 புள்ளிகள், அதாவது ஆட்டத்துக்கு 34.4 கொடுத்த அணி அது.

இதைப் பார்த்த நம் ஆட்கள் சொன்னது ஒன்றே ஒன்று: "பசங்க சாஃப்ட். மோத பயப்படுறாங்க."

இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். அந்த அணியில் இருந்தவர்கள் எல்லாம் ஊரிலேயே பலசாலி என்று பெயர் வாங்கி, கல்லூரிகள் போட்டி போட்டு அழைத்த பிள்ளைகள். சின்ன வயதிலிருந்து மோதியே வளர்ந்தவர்கள். யுஎஸ்சியில் சேர்ந்த அன்றைக்கு அவர்களுக்குப் பயம் எங்கிருந்து வந்துவிடும்? அவர்களிடம் கேட்கப்பட்ட ஆட்டமே வேறு. கிரின்ச்சின் கொள்கை, பந்தைப் பிடுங்கு என்பது. ஆட்டத்துக்கு இரண்டு என்ற கணக்கில் ஒரு பருவத்துக்கு 24 டர்னோவர் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது) வேண்டும் என்று இலக்கு வைத்து வேலை செய்தவர் அவர். முன்வரிசை ஆட்கள் ஒரே இடத்தில் ஊன்றி நிற்க மாட்டார்கள். பந்து நகர்ந்தவுடன் பக்கவாட்டில் பாய்வார்கள். பாய்ச்சல் சரியாக அமைந்தால் எதிரணி திணறும். அமையாவிட்டால் பாய்ந்தவன் விட்டுப்போன இடம் வெறும் வாசல். அதன் வழியாக ஒருவன் முழு வேகத்தில் வருவான், பின்னால் நிற்கிற ஒரே ஒரு ஆள் திறந்த வெளியில் அவனைத் தனியாகப் பிடிக்க வேண்டும்.

அந்த ஒரே ஆள்தான் டிவியில் உங்களுக்குத் தெரிகிறான். அவன் கை நழுவுகிறது, நீங்கள் "சாஃப்ட்" என்கிறீர்கள். அவனை அந்த நிலைமையில் கொண்டுபோய் நிறுத்தியது யார் என்று யாரும் பார்ப்பதில்லை.

2022-இல் இந்தச் சூதாட்டம் பலித்தது. நாட்டிலேயே பந்தைப் பறிப்பதற்கும் பறிகொடுப்பதற்குமான வித்தியாசத்தில் முன்னணியில் இருந்த அணி அது. அதனால் ஓட்டைகள் கண்ணில் படவில்லை. ஆனால் கீழே விழுந்த பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்பதை எந்தக் கோச்சும் சொல்லித்தர முடியாது. அடுத்த வருடம் பந்து அதே மாதிரி வந்து கையில் விழவில்லை, அவ்வளவுதான். ரைலியின் ஓக்லஹோமா காலத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதும் இல்லை. 2018-இல் டெக்சஸிடம் 48-45 தோற்றதும் அங்கே டிஃபென்ஸ் கோச் மைக் ஸ்டூப்ஸ் நீக்கப்பட்டார். அதற்குப் பிறகும் அதே பருவத்தில் வெஸ்ட் வர்ஜீனியாவை 59-56 என்றுதான் வென்றார்கள். கோச் மாறியும் கணக்கு மாறவில்லை. நாங்கள் ஐம்பது எடுப்போம், நீங்கள் நாற்பத்தைந்துக்குள் நிறுத்தினால் போதும் என்கிற தத்துவம் தலைமையிலேயே இருந்தால், தினமும் பயிற்சியில் டிஃபென்ஸ் என்ன மனநிலையோடு நிற்கும்? பயிற்சியில் தங்கள் அணியின் பாஸ் ஆட்டத்தையே, அதாவது பந்தை எறிந்து ஆடுவதையே, எதிர்த்து ஓடி ஓடிப் பழகியவர்களுக்கு, யூட்டா மாதிரி நெஞ்சோடு நெஞ்சு தள்ளுகிற அணி வந்தால் திணறத்தான் செய்யும்.

2024-இல் பக்கத்துப் பல்கலைக்கழகமான யுசிஎல்ஏவிலிருந்து டி'ஆன்டன் லின் புது டிஃபென்ஸ் கோச்சாக வந்தார். ஆட்டத்துக்கு 34.4 கொடுத்தது 24.1 ஆகக் குறைந்தது. ஒரே வருடத்தில் பத்துப் புள்ளி! புது ஆட்களும் சிலர் வந்தார்கள், அதை மறைக்கவில்லை. ஆனாலும் ஒரு குளிர்காலத்தில் யாருக்கும் புதிதாக வீரம் முளைத்துவிடாது. அவரவர் இடத்தில் நின்றார்கள், பந்தோடு வருகிறவனை ஓரமாகத் திருப்பினார்கள், இரண்டாவது ஆள் வரும்வரை முதல் ஆள் பிடித்து வைத்தான். வெற்றி என்னவோ 8-லிருந்து 7 ஆகக் குறைந்தது என்று நினைவூட்டும் நண்பர்களுக்கு: அது தாக்குதல் ஆட்டத்தின் கணக்கு, அதை ரைலியிடம் கேளுங்கள்.

இப்போது பள்ளி மைதானத்துக்கு வாருங்கள். டேக்கிள் தவறுவது பெரும்பாலும் காலில்தான் தொடங்குகிறது. ஓடி வருகிறவனுக்கு மூன்று நான்கு அடி முன்பே கால் நின்றுவிடுகிறது, மிச்ச தூரத்தைப் பையன் உடம்பை வீசிக் கடக்கப் பார்க்கிறான். வீசும்போது தலை தானாகக் குனிகிறது. கண் தரையைப் பார்க்கிறது. பார்க்காத ஒன்றை எப்படிப் பிடிப்பது? நழுவுகிறது. இந்தப் பையனிடம் போய் "இன்னும் வேகமாக மோது" என்று சொன்னால் அவன் என்ன செய்வான்? இன்னும் தூரத்திலிருந்து, இன்னும் குனிந்து பாய்வான். டேக்கிள் அப்போதும் நழுவும். நழுவாவிட்டால் என் மேஜைக்கு வருவான்.

ஊரில் கபடி ஆடியிருப்பீர்களே? பாடி வருகிறவனைத் தலையால் முட்டியா பிடித்தீர்கள்? காலைச் சின்னச் சின்னதாக வைத்து, அவன் எந்தப் பக்கம் சாய்கிறான் என்று இடுப்பைப் பார்த்து, பக்கத்தில் இருக்கிறவனோடு சேர்ந்துதானே மடக்கினீர்கள்? அதையே பையனுக்குச் சொல்லிக்கொடுங்கள், போதும்.

குனிந்த தலையோடு உச்சந்தலையால் மோதினால் கழுத்தெலும்புக்கு என்ன ஆகும் என்பதை இங்கே விவரிக்கப் போவதில்லை; 1976-லேயே பள்ளியிலும் கல்லூரியிலும் அதைத் தடை செய்துவிட்டார்கள், அதற்குப் பிறகு கழுத்து முறிந்து முடங்கிப்போகிறவர்கள் எண்ணிக்கை பெரிதும் குறைந்தது. கல்லூரி ஆட்டத்தில் 2013-லிருந்து, தற்காப்பற்ற ஆளைத் தலையில் குறிவைத்தாலோ உச்சந்தலையால் இடித்தாலோ ஆட்டத்தை விட்டே வெளியேற்றுகிறார்கள். தோளால் டேக்கிள் செய்வது கோழைத்தனம் என்று நினைக்கிற அப்பாக்களுக்கு ஒரு தகவல். யுஎஸ்சி டிஃபென்ஸ் என்றால் நாடே நடுங்கிய காலம் ஒன்று இருந்தது, பீட் கேரல் கோச்சாக இருந்த காலம். அதே கேரல் பிறகு சியாட்டில் சீஹாக்ஸ் என்ற தொழில்முறை அணியில் கோச்சாக இருந்தபோது, 2014-இல், ரக்பி பாணியில் தலையை ஓரமாக வைத்துத் தோளால் பிடிக்கிற முறையை வீடியோவாகவே வெளியிட்டார். அந்த வருடத் தொடக்கத்தில் சூப்பர் பவுல், அதாவது தொழில்முறை ஃபுட்பாலின் இறுதிப் போட்டியை, வென்ற அணி அது. அவர்களை சாஃப்ட் என்பீர்களா?

ஹெல்மெட் பற்றி ஒரே வரி: அது மண்டை ஓடு உடையாமல் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. எண்ணூறு டாலர் ஹெல்மெட் வாங்கினாலும் இதுதான். அப்புறம், "சிடி ஸ்கேன் நார்மல், அப்போ ஒண்ணும் இல்லைதானே?" என்கிற கேள்வி. இல்லை. ஸ்கேன் ரத்தக்கசிவைத் தேடுவதற்கு. கன்கஷன், அதாவது அடிபட்டு மூளை குலுங்கியதால் வரும் பாதிப்பு, அதில் தெரியாது.

இன்னொரு விஷயத்தைப் பெற்றோர் யாரும் கேட்பதே இல்லை. கல்லூரியில் தாக்குபவர்கள் வேறு, தடுப்பவர்கள் வேறு. அன்றைய யுஎஸ்சியில் உதவித்தொகை வாங்குகிற ஆட்களுக்கே 85 இடம். உங்கள் பையன் பள்ளி அணியில் நல்லபடியாக ஆடக்கூடியவர்கள் இருபது பேர் இருந்தால் பெரிது. அவர்களே இரண்டு பக்கமும் ஆடுகிறார்கள். டிவியில் பார்த்த வேக ஆட்டத்தை நம் கோச்சும் ஆட ஆசைப்படுகிறார். கூடிப் பேச நிற்காமல், மூச்சு வாங்க விடாமல், பதினைந்து வினாடிக்கு ஒரு பிளே. மூன்றாவது குவார்ட்டரில் அந்தப் பையனுக்குத் தொடை எரிகிறது, இடுப்பைத் தாழ்த்த முடியவில்லை. தாழ வேண்டியது இடுப்பு, தாழ்வது தலை. பின் பாதி ஆட்டத்தில் நான் மைதானத்தின் எல்லைக்கோட்டுக்குக் கொஞ்சம் நெருக்கமாகவே நிற்பது அதனால்தான்.

ஆகவே பருவம் தொடங்கும் முன்பே கோச்சிடம் கேளுங்கள். டேக்கிள் எப்படிச் சொல்லித்தருகிறீர்கள்? தலை எந்தப் பக்கம் போக வேண்டும் என்கிறீர்கள்? இரண்டு பக்கமும் ஆடுகிற பையனுக்கு எப்போது ஓய்வு? வாரத்தில் எத்தனை நாள் முழு மோதல் பயிற்சி? கலிஃபோர்னியா சட்டப்படி உயர்நிலைப் பள்ளியில் பருவத்தின்போது வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் கூடாது, நாளுக்கு 90 நிமிடத்துக்கு மேல் கூடாது. "எங்க கோச் தினமும் மோத விடுவார், செம ஸ்ட்ரிக்ட்" என்று பெருமையாகச் சொல்லாதீர்கள் ஐயா. அது சட்ட மீறல்.

ஆட்டம் முடிந்து காரில் போகும்போது தவறிய டேக்கிளைப் பற்றிப் பேசாதீர்கள். தயவுசெய்து. அந்த இருபது நிமிடத்தில் நீங்கள் சொன்னது அடுத்த வெள்ளிக்கிழமை அவன் தலைக்குள் ஓடும். தலைவலி இருந்தாலும் என்னிடம் சொல்லமாட்டான். அக்காமார்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள்: வீட்டில் அவன் வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணைச் சுருக்குகிறானா, சொன்னதையே திரும்பச் சொல்கிறானா, காரணமில்லாமல் எரிந்து விழுகிறானா என்று நீங்கள்தான் கவனிக்க முடியும். திரும்பத் திரும்ப வாந்தி, ஒரு கண்மணி மட்டும் பெரிதாகத் தெரிவது, வலிப்பு, எழுப்பினால் எழாமல் இருப்பது, இதில் எது வந்தாலும் எனக்குப் போன் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம். 911.

கன்கஷன் என்று சந்தேகம் வந்தாலே அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால் உயிருக்கே ஆபத்து, அதில் என்னிடம் பேரம் கிடையாது. டாக்டர் கன்கஷன் என்று உறுதிசெய்த பிறகு குறைந்தது 7 நாள், படிப்படியாகத்தான் திரும்பி வர வேண்டும். ப்ளேஆஃப் வாரம் என்றாலும், கல்லூரிக்காரர்கள் ஆள் பார்க்க வருகிறார்கள் என்றாலும் 7 நாள் 7 நாள்தான். டாக்டர் கையெழுத்துப் போட்ட கடிதத்தைப் பையனிடம் கொடுத்தனுப்புங்கள். "எங்க சித்தப்பா இந்தியாவுல பெரிய டாக்டர், வீடியோ கால்ல பார்த்துட்டு ஓகே சொல்லிட்டார்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது.