அட்டை கடிக்குமா, சேர்?

ஹட்டனில் நான் கணினி வகுப்பு எடுக்கும் அறையில் பழைய டெஸ்க்டொப் ஒன்று கிடக்கிறது. அதற்கு வைஃபை வசதி சேர்க்க வேண்டியிருந்தது. பிள்ளைகளும் பார்க்கட்டும் என்று பெட்டியை மேசையில் சாய்த்து, பக்கத்து மூடியைக் கழற்றினேன். கையில் ஒரு பயிற்சிக் கையேடு. "கம்பியில்லா விரிவாக்க அட்டையைப் பொருத்துதல்" என்று அதன் தலைப்பை உரக்க வாசித்தேன். பின்வரிசையிலிருந்து டிக்கோயாப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "சேர், அந்த அட்டை கடிக்குமா?"

வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவளுடைய அம்மா மழை நாளில் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகிறவர். அந்தப் பிள்ளைக்கு அட்டை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது எதுவாக இருக்கும்? அதோடு, இதே தலைப்பை வேறு வேறு கையேடுகளில் பார்த்துப் பார்த்து எனக்கும் எரிச்சல் ஏறியிருந்தது.

முதலில் ஆங்கிலச் சொல்லைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். விரிவாக்க அட்டை என்று பெயர்த்திருப்பது எக்ஸ்பான்ஷன் கார்ட் என்பதை. அதில் எக்ஸ்பான்ஷன், விரித்துப் பரப்புதல் என்ற பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்தது. கார்ட் என்பதன் வேர் கிரேக்கம். பப்பிரசுத் தாளைக் குறித்த சொல் இலத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. நாம் சொல்லும் கடதாசியும் அதற்குத் தூரத்து உறவுதான். அது போர்த்துக்கேயர் வழியாக நம்மிடம் வந்தது. 1977இல் வந்த ஆப்பிள் 2 கணினியில் இப்படிக் கார்ட் செருகும் ஸ்லொட்டுகள் எட்டு, 1981இன் ஐபிஎம் பிசியில் ஐந்து. வாங்கும்போது இல்லாத வசதியைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்பதுதான் ஏற்பாடு. அதைத்தான் எக்ஸ்பான்ஷன் என்றார்கள். அவ்வளவுதான் சங்கதி.

இனி 'விரிவாக்கம்'. நாம் எதை விரிக்கிறோம்? பாயை, குடையை, கொழுந்து கொட்டப் படங்கை. விரிந்தாலும் அது அதே பொருள்தான், பரப்புதான் கூடுகிறது. வீதி விரிவாக்கம் என்றால் இருந்த வீதி அகலமாகிறது. இங்கே எது அகலமாகிறது? பெட்டி அதே பெட்டி, உள்ளே எல்லாப் பாகங்களையும் இணைக்கும் தாய்ப்பலகையும் அதேதான். வெளியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து உள்ளே செருகுகிறோம். லயத்துக் காம்பராவில் இடம் போதாவிட்டால் பின்பக்கம் ஒரு சாய்ப்பு இறக்குவார்கள். "சாய்ப்பு இறக்கியிருக்கிறோம்" என்பார்களே தவிர, "காம்பராவை விரிவாக்கினோம்" என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கணினியின் ஆற்றல் விரிகிறது என்று சமாதானம் சொல்லலாம். அப்படியானால் விரிவது ஆற்றல், அட்டை அல்ல.

அடுத்தது 'அட்டை'. கடிக்கிற அட்டையை விட்டுவிடுவோம். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது குற்றமில்லை. தேசிய அடையாள அட்டையைப் பார்த்து யாரும் உப்புத் தேடி ஓடுவதில்லை. எனக்கு உறுத்துவது வேறு. அடையாள அட்டை, வாழ்த்து அட்டை, கொப்பியின் அட்டை எல்லாம் எழுதவோ அச்சடிக்கவோ மூடவோ உதவும் தட்டையான பொருள்கள். கணினிக்குள் போவது அப்படியில்லை. கண்ணாடி நாரும் பிசினும் சேர்த்து அழுத்திய தகடு, அதன்மேல் செப்புத் தடங்கள், சில்லுகள். அதன் பெரிய வடிவத்துக்குத் தாய்ப்பலகை என்று அருமையான பெயர் வைத்திருக்கிறோம். தாய் பலகை, பிள்ளை மட்டும் அட்டையா? ஆங்கிலத்திலும் இந்த முரண் உண்டு, மதர்போர்ட்டில் கார்ட் செருகுகிறார்கள். அவர்கள் வீட்டுக் குழப்பத்தை நாம் ஏன் கூலி கொடுத்துத் தூக்கி வரவேண்டும்?

'கம்பியில்லா' பற்றி எனக்குப் பெரிய சண்டை இல்லை. வானொலிக்கு முந்திய கம்பியில்லாத் தந்திக் காலத்திலிருந்தே புழங்கும் சொல். தந்தி என்றாலும் நரம்பு, கம்பி என்றுதான் பொருள், ஆகவே அது கம்பியில்லாத கம்பி! சிரித்துவிட்டு விட்டுவிடலாம். ஆனால் சிலர் 'கம்பியற்ற' என்று எழுதுவதைத் தாங்க முடியவில்லை. 'அற்ற' என்பது அறு என்ற வேரிலிருந்து வருவது. இருக்க வேண்டியது அறுந்து போன இழப்பின் வாடை அதில் அடிக்கிறது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு 'நாடற்றவர்' என்ற சொல்லைச் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். 'அற்ற' எப்படிக் குத்தும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வைஃபைக்கு என்ன இழப்பு? ஒன்றுமில்லை.

கம்பியில்லா என்று பெயர் வைத்தவர்கள் அந்தப் பொருளைத் திறந்து பார்த்தார்களா என்பது இன்னொரு சந்தேகம். அன்று பிள்ளைகள் முன்னால் செருகியது வைஃபையும் புளூடூத்தும் சேர்ந்த வகை. பின்பக்கத் தகரத் துண்டைக் கழற்றி, சின்ன பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லொட்டில் அழுத்தி, ஆணியை முறுக்கியாயிற்று. இயக்கினால் வைஃபை வேலை செய்கிறது, புளூடூத்தைக் காணோம். ஏனென்றால் இந்த வகையில் புளூடூத் பகுதி யூஎஸ்பி வழியாகத்தான் பேசும். செருகிய அட்டையிலிருந்து ஒரு மெல்லிய வயரை எடுத்து, தாய்ப்பலகையில் இருக்கும் ஒன்பது ஊசி யூஎஸ்பி இணைப்பில் கொண்டுபோய் மாட்ட வேண்டும். "கம்பியில்லா அட்டைக்குக் கம்பி மாட்டணுமா, சேர்?" என்று அதே பிள்ளை. நான் என்ன சொல்ல?

என்னுடைய சொல் செருகுபலகை. ஸ்லொட்டைச் சிலர் ஏற்கெனவே செருகுவாய் என்று எழுதுகிறார்கள். அந்த வாயில் செருகுவது செருகுபலகை, அது போய் உட்காருவது தாய்ப்பலகை. மூன்றும் ஒரே குடும்பம். வினைத்தொகை என்பதால் நடுவில் ப் வராது, ஊறுகாய், சுடுசோறு போல. நேற்றுச் செருகிய பலகை, இன்று செருகும் பலகை, நாளை செருகப்போகும் பலகை எல்லாம் அதில் அடக்கம். பிறகு சேர்ப்பது என்ற கருத்து அதற்குள்ளேயே இருப்பதால் 'விரிவாக்க' என்ற வாலும் தேவையில்லை. ஒலிக்கு ஒலிச் செருகுபலகை, வலையமைப்புக்கு வலையமைப்புச் செருகுபலகை. நமக்கு வேண்டியது வைஃபை செருகுபலகை.

வைஃபையை ஏன் தமிழாக்கவில்லை என்று கேட்பீர்கள். அருகலை என்று ஒரு சொல் சுற்றுகிறது, காதுக்கு இனிமைதான். ஆனால் வைஃபை என்பது 1999இல் வணிகத்துக்காக உருவாக்கிய பெயர். அதற்குள் பெயர்த்தெடுக்கப் பொருள் எதுவும் இல்லை. பெயரைப் பெயராக விடுவதே மரியாதை. புளூடூத்தை 'நீலப்பல்' என்று எழுதிய ஒரு துண்டுப்பிரசுரமும் என் கண்ணில் பட்டது. அது பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் அரசர் ஒருவரின் பட்டப்பெயர், ஐயா! பல் வைத்தியருக்கு அதில் வேலை இல்லை.

நம் மொழிபெயர்ப்பாளர்களோடு எனக்குள்ள வழக்கு இதுதான்: அகராதியைத் திறக்கிறார்கள், பெட்டியைத் திறப்பதில்லை. தோட்டத்து மக்கள் அப்படி இல்லை. காலையில் ஆள் கணக்கு எடுக்கும் பரேட்டைப் பிரட்டு ஆக்கி, அது நடக்கும் இடத்துக்குப் பிரட்டுக்களம் என்று பெயர் வைத்தவர்கள். அந்த வெயிலிலும் மழையிலும் நின்றவர்கள் வைத்த பெயர் அது, அதனால்தான் இன்னும் நிற்கிறது.

என் செருகுபலகை நிற்குமா, தெரியாது. அன்று பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். ஆனால் ஒன்று, ஹட்டனில் கடைக்குப் போனால் 'வைஃபை கார்ட்' என்றே கேளுங்கள். செருகுபலகை என்று கேட்டுப் பார்த்தேன். கடைத் தம்பி யோசித்துவிட்டு, மரக்காலை இரண்டு கடை தள்ளி இருக்கிறது என்றார்.