ஒற்றை இருக்கைகள் எங்கிருந்து வருகின்றன?

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கோடை விடுமுறையில் அவருடைய குடும்பத்தார் ஐந்து பேர் சமவெளியிலுள்ள ஒரு தீம் பார்க்குக்குச் சென்றிருக்கிறார்கள். ரோலர் கோஸ்டரில் ஏறுவதற்கு வெயிலில் நெடுநேரம் நின்றபோது, தனியாக வந்தவர்களுக்கென்று பக்கத்தில் இருந்த ஒரு சிறு வரிசை இவர்களுடையதைவிட விரைவாக நகர்ந்தது. மேடையில் நின்ற ஊழியர் “எத்தனை பேர்?” என்று கேட்டு, நான்கு பேரை ஒரு பெஞ்சிலும் மூத்த மகனை அடுத்த பெஞ்சிலும் உட்காரவைத்து, அவன் பக்கத்தில் அந்தச் சிறு வரிசையிலிருந்து முன்பின் தெரியாத ஒருவரை அழைத்து அமர்த்தினார். எங்களுக்குப் பின்னால் வந்தவர் எங்களோடு ஏறுவது எப்படி நியாயமாகும் என்பது வாசகியின் கேள்வி.

அது நியாயமே என்பதுதான் என் பதில். அந்தச் சிறு வரிசை யாருடைய நேரத்தையும் எடுத்துக்கொள்வதில்லை. பெரிய வரிசையில் நிற்பவர்களின் காத்திருப்பையும் அது சற்றுக் குறைக்கிறது. இதை நம்புவதற்குக் காலி இருக்கைகள் எப்படிப் பிறக்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும்.

1884இல் லாமார்கஸ் தாம்ப்சன் நியூயார்க்கின் கோனி தீவில் தொடங்கிய சறுக்கு ரயிலில், பயணிகள் ஒரு நீண்ட பெஞ்சில் பக்கவாட்டைப் பார்த்தபடி அமர்ந்தார்கள். நீண்ட பெஞ்சில் மூன்று பேருக்குப் பக்கத்தில் ஐந்து பேர் நெருங்கி உட்காரலாம். வண்டிகள் முன்னோக்கிய சிறு பெஞ்சுகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றிலும் இரண்டோ நான்கோ இருக்கைகள் என்று ஆனபிறகுதான் சிக்கல் வந்தது. பனிச்சறுக்கு மலைகளிலும் இதுவே நடந்தது. 1936இல் அமெரிக்காவின் சன் வேலியில் ஜேம்ஸ் கரன் வடிவமைத்த, கம்பி வடத்தில் தொங்கியபடி ஆட்களை மலைமேல் ஏற்றிச் செல்லும் முதல் நாற்காலித் தூக்கியில் ஒரு நாற்காலிக்கு ஒருவர்தான் என்பதால் அங்கே காலி இருக்கை என்ற பேச்சே எழவில்லை. நாற்காலிகள் இருவர், நால்வர், அறுவர் அமரும்படி அகன்றபோது, தனியாக வருபவர்களுக்குத் தனி வரிசை தேவைப்பட்டது.

இனி ஒரு கணக்கு. ஒவ்வொரு பெஞ்சிலும் 4 இருக்கைகள் என்று கொள்வோம். வரும் குழுக்கள் 1, 2, 3, 4 பேர் கொண்டவை. நான்கு அளவுகளும் சம வாய்ப்புள்ளவை. குழுவைப் பிரிப்பதில்லை, வந்த வரிசைப்படியே உட்காரவைக்கிறோம், அடுத்த குழு பெஞ்சில் அடங்காவிட்டால் அந்தப் பெஞ்சை அப்படியே விட்டுவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போகிறோம். உண்மையான கூட்டம் இவ்வளவு சீராக இருக்காது. ஆனாலும் சிக்கலின் உள்ளமைப்பைக் காண இது போதும்.

ஒரு புதிய குழு வந்து நிற்கும் நொடியில் நடப்புப் பெஞ்ச் நான்கு நிலைகளில் ஒன்றில்தான் இருக்க முடியும்: முழுவதும் காலி, ஒருவர் அமர்ந்தது, இருவர் அமர்ந்தது, மூவர் அமர்ந்தது. ஒருவர் மட்டும் அமர்ந்திருக்கும் நிலை, காலிப் பெஞ்சுக்குத் தனியாள் வந்தால் மட்டுமே உண்டாகும். ஆகவே அது காலிப் பெஞ்ச் நிலையின் நான்கில் ஒரு பங்கு. மூவர் அமர்ந்த நிலையோ பல வழிகளில் உண்டாகிறது: காலிப் பெஞ்சுக்கு மூவர் வரலாம், ஒருவர் இருந்த பெஞ்சுக்கு இருவர் வரலாம், இருவர் இருந்த பெஞ்சுக்கு ஒருவர் வரலாம், முந்தைய பெஞ்சில் அடங்காத மூவர் புதுப் பெஞ்சுக்கு நகரலாம். இப்படி எல்லா வழிகளையும் எழுதிச் சமன்பாடுகளைத் தீர்த்தால், 400 குழுக்களில் சராசரியாக 160 குழுக்கள் காலிப் பெஞ்சையும், 40 குழுக்கள் ஒருவர் அமர்ந்த பெஞ்சையும், 80 குழுக்கள் இருவர் அமர்ந்த பெஞ்சையும், 120 குழுக்கள் மூவர் அமர்ந்த பெஞ்சையும் சந்திக்கின்றன. பள்ளி இறுதி வகுப்பு மாணவர் இதைத் தாளில் போட்டுச் சரிபார்த்துவிடலாம். விடை இவ்வளவு முழு எண்களாக வந்து விழுவதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி பொங்குகிறது.

வீணாகும் இடங்களை எண்ணுவோம். ஒருவர் அமர்ந்த பெஞ்சில் நால்வர் குழு மட்டுமே அடங்காது. 40இல் 10 முறை அப்படி நேர்ந்து, முறைக்கு 3 இடங்களாக 30 இடங்கள் போகின்றன. இருவர் அமர்ந்த பெஞ்சில் மூவரும் நால்வரும் அடங்கமாட்டார்கள். 80இல் 40 முறை, முறைக்கு 2 இடங்களாக 80 இடங்கள் போகின்றன. மூவர் அமர்ந்த பெஞ்சில் தனியாள் தவிர யாரும் அடங்கமாட்டார்கள். 120இல் 90 முறை, முறைக்கு ஓர் இடமாக 90 இடங்கள் போகின்றன. மொத்தம் 200. அந்த 400 குழுக்களில் வந்தவர்கள் 1000 பேர். ஆக 1000 பேரை ஏற்ற 1200 இருக்கைகள் செலவாகின்றன. ஆறில் ஒன்று காலியாகவே ஓடுகிறது.

இந்த 1200 இருக்கைகள் 300 பெஞ்சுகள். அவற்றில் 10 பெஞ்சுகளும் 40 பெஞ்சுகளும் 90 பெஞ்சுகளுமாக 140 பெஞ்சுகள் இடைவெளியோடு புறப்படுகின்றன, ஏறத்தாழப் பாதி. அந்த 140இல் 90 பெஞ்சுகளில் இருக்கும் இடைவெளி ஒரே ஓர் இருக்கை. ஓர் இருக்கையில் ஒரு தனியாளைத் தவிர உலகில் எந்தக் குழுவையும் அமர்த்த முடியாது. இருவர் இடைவெளியையும் மூவர் இடைவெளியையும்கூடத் தனியாட்களை வைத்தே நிரப்பிவிடலாம், ஏனென்றால் எந்த எண்ணையும் ஒன்றுகளின் கூட்டாக எழுதலாம். நம் மலைச்சரிவுகளில் கருங்கல் தடுப்புச் சுவர் எழுப்பும் கொத்தனார், பெரிய கற்களை முதலில் அடுக்கிவிட்டு இடுக்குகளைச் சிறு சில்லுக் கற்களால் அடைப்பார். தனிநபர் வரிசை அந்தச் சில்லுக் கற்களின் குவியல்.

தனி வரிசை இல்லாமலே ஊழியர் சாமர்த்தியமாகச் சேர்க்க முடியாதா என்று கேட்கலாம். ஓரளவு முடியும். மூவர் குழு வந்ததும் அவர்களைச் சற்று ஒதுங்கி நிற்கச் சொல்லி, அடுத்து வரும் தனியாளோடு சேர்த்து அனுப்பலாம். மூவர் குழுக்களும் தனியாட்களும் சம அளவில் வருவதால் காலப்போக்கில் எல்லாம் ஜோடி சேர்ந்துவிடும் என்று தோன்றும். ஆனால் நாணயத்தை 100 முறை சுண்டினால் தலைக்கும் பூவுக்கும் இடையிலான வேறுபாடு 10 என்ற அளவை ஒட்டி இருக்கும். 10,000 முறை சுண்டினால் அது 100ஐ ஒட்டி இருக்கும். வேறுபாடு எண்ணிக்கையின் வர்க்கமூலமாக வளர்ந்துகொண்டே போகிறது. ஆக, ஒதுங்கி நிற்கும் மூவர் குழுக்களும் சில வேளைகளில் மேடை தாங்காத அளவுக்குப் பெருகிவிடும், சில வேளைகளில் ஒன்றுகூட இருக்காது. தனிநபர் வரிசை இந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே விழுங்கிவிடுகிறது. சற்று நேரம் தேவை இல்லையென்றால் அது நீள்கிறது, தேவை வந்தால் குறைகிறது. வண்டி மட்டும் நிறைந்தே புறப்படுகிறது.

அளவு வேறுபடும் பொருள்களை ஒரே கொள்ளளவுள்ள பெட்டிகளில் அடைக்கும் இக்கணக்கு கணினி அறிவியலில் புகழ்பெற்றது. டேவிட் ஜான்சன் 1973இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வு அதன் அடித்தளங்களில் ஒன்று. வந்த வரிசைப்படியே அடைக்கும் எளிய முறை எவ்வளவு கெட்ட வேளையிலும் உகந்த எண்ணிக்கையின் இரு மடங்குக்கு மேல் பெட்டிகளைக் கேட்காது என்பது அத்துறையின் அழகான முடிவுகளுள் ஒன்று.

வாசகியின் கேள்விக்கு வருகிறேன். 24 இருக்கைகள், அதாவது 6 பெஞ்சுகள் கொண்ட ஒரு வண்டி நிமிடத்துக்கு ஒன்றாகப் புறப்படுகிறது என்று கொள்வோம். மணிக்கு 1440 இருக்கைகள். ஆறில் ஒரு பங்கு வீணானால் 1200 பேர்தான் ஏறுவார்கள். வரிசையில் 600 பேர் நின்றால் கடைசியில் நிற்பவர் 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். நம் கணக்கின்படி அந்த 600 பேரில் தனியாட்கள் 60 பேர். அவர்கள் பக்கத்து வரிசைக்குப் போய்விட்டால் பெரிய வரிசையில் இருவர், மூவர், நால்வர் குழுக்கள் மட்டுமே மிஞ்சும். மறுபடியும் சமன்பாடுகளைத் தீர்த்தால் இப்போது 11 இருக்கைகளுக்கு 2 வீதம் காலி விழுகிறது. சில்லுக் கற்கள் வெளியேறிவிட்டதால் இடுக்குகள் சற்றுக் கூடுவது இயல்பே. மிஞ்சிய 540 பேரும் ஏறி முடிக்க ஏறத்தாழ 27½ நிமிடம் ஆகும். இதற்கிடையே நிமிடத்துக்கு நான்குக்குச் சற்று அதிகமாக விழும் காலி இடங்களில் 60 தனியாட்களும் சுமார் 14 நிமிடத்தில் ஏறிவிடுகிறார்கள். தனியாட்களுக்குப் பாதிக்கு மேல் மிச்சம். குடும்பங்களுக்கும் இரண்டரை நிமிடம் மிச்சம். வாசகியின் மகன் பக்கத்தில் வந்தமர்ந்தவர் யாருடைய இடத்தையும் பறிக்கவில்லை.

மூன்று பேராகப் போனால் காரியம் கைகூடாது என்று நம் வீடுகளில் இன்றும் சொல்கிறார்கள். ஒற்றைப்படைக் குழுவால் இடம் வீணாகிறது என்று படித்ததும், அந்த நம்பிக்கைக்கு ஓர் அறிவியல் அடிப்படை கிடைத்துவிட்டதாக யாரும் எழுதிவிடக் கூடாதே என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. அமெரிக்காவின் டிஸ்னி பூங்காக்களில் இரண்டு வண்டிகளை ஒப்பிட்டால் உண்மை விளங்கும். எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட் என்ற ரோலர் கோஸ்டரில் 34 பேர் இருவர் இருவராக 17 வரிசைகளில் அமர்கிறார்கள். அங்கே மூவர் வந்தால் ஓர் இடம் மிஞ்சும். டெஸ்ட் டிராக் என்ற கார் ஓட்டத்திலோ ஒரு காருக்கு 6 பேர், மூவர் மூவராக. அங்கே மூவர் குழு கச்சிதமாகப் பொருந்துகிறது, கணவனும் மனைவியுமாக வரும் ஜோடிதான் ஓர் இருக்கையைக் காலியாக்குகிறது. மூன்று என்ற எண்ணில் எந்தத் தோஷமும் இல்லை; எல்லாம் பெஞ்சின் அகலத்தைப் பொறுத்தது.

எல்லா இடத்துக்கும் தனிநபர் வரிசை பொருந்தாது. ஊட்டி ஏரியிலும் கொடைக்கானல் ஏரியிலும் மிதிபடகில் மூவர் ஏறினால் நான்காம் இருக்கை காலியாகவே இருக்கும். அதில் அந்நியர் ஒருவரை ஏற்றுவதில்லை, ஏற்றவும் கூடாது. படகு ஒரு குடும்பத்துக்கென்று வாடகைக்கு விடப்படுவது. நிமிடக் கணக்கில் புறப்படும் வண்டி அல்ல. ராட்சத ராட்டினத்தில் இடத்தை நிரப்புவதைவிட எடையைச் சமன்செய்வதே முதல் வேலை. அதனால்தான் அதை இயக்குபவர் எதிரெதிர்ப் பெட்டிகளில் ஆட்களை மாற்றி மாற்றி ஏற்றுகிறார். சிறு குழந்தைகளை எந்த வண்டியிலும் தனியே அந்நியருக்குப் பக்கத்தில் அமர்த்த முடியாது என்பதால், அவர்கள் வரும் குழுக்களைப் பிரிப்பதற்கும் எல்லை உண்டு.

ஆனால் பழனியில் மலைக்கோயிலுக்கு ஏறும் வின்ச்சுக்கும் ரோப் காருக்கும் இந்தக் கணக்கு பொருந்தக்கூடும் என்று நினைக்கிறேன். அங்கே குடும்பம் குடும்பமாகவும் வருகிறார்கள், தனியாக வரும் முதியவர்களும் இருக்கிறார்கள். எத்தனை பேர் கொண்ட குழுக்கள் எந்த விகிதத்தில் வருகின்றன, எத்தனை இடங்கள் காலியாகச் செல்கின்றன என்பதை ஒரு நோட்டுப் புத்தகமும் கைக்கடிகாரமும் வைத்துக்கொண்டு கல்லூரி மாணவர்கள் நான்கே பேர் எண்ணிவிட முடியும். தைப்பூசத்திலும் பங்குனி உத்திரத்திலும் எண்ணினால் இன்னும் பயன். டென்மார்க்கில் ஒரு தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய எர்லாங் 1909இல் அழைப்புகள் வரும் முறையைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் வரிசைகளைப் பற்றிய கணிதமே வளர்ந்தது. அதற்கும் பெரிய ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை. நம்மிடம் ஆய்வு நிதி என்றாலே விலையுயர்ந்த கருவி என்று ஆகிவிட்டது. மாணவருக்குப் பேருந்துக் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் கொடுத்தால் நடந்துவிடும் இத்தகைய ஆய்வுகளுக்குக் கேட்கும் சிறு தொகையும் கிடைக்க வேண்டும் என்று உறுதியாகக் கருதுகிறேன். மணிக்கணக்கில் நிற்கும் ஒரு மூதாட்டிக்கு இரண்டரை நிமிடம் மிச்சமானாலும் அது மிச்சம்தான்.

தனிநபர் வரிசைக்கென்று ஒரு பலவீனமும் உண்டு. அதன் வேகத்தை அதில் நிற்பவர்கள் தீர்மானிப்பதில்லை. பக்கத்து வரிசையிலுள்ள குடும்பங்களின் அளவுதான் தீர்மானிக்கிறது. மேலே சொன்ன வண்டியில் மணிக்கு 262 காலி இடங்கள்தான் விழும். அது வேகமாக நகர்கிறது என்று கேள்விப்பட்டு 200 பேர் அங்கே போய் நின்றால், கடைசி ஆள் 46 நிமிடம் காத்திருப்பார். குடும்பத்தோடு வந்தவர்கள் அதற்கு வெகு முன்பே இறங்கிப் போயிருப்பார்கள். பெரிய வரிசை முழுவதும் புதுமணத் தம்பதிகளாக இருந்தால் நான்கு பேர் பெஞ்சில் ஓர் இடம்கூட மிஞ்சாது. எங்கே வேண்டுமானாலும் உட்காருகிறோம் என்று சொல்லும் பள்ளிச் சுற்றுலாக் கூட்டம் வந்தாலும் அப்படியே. அப்போது தனிநபர் வரிசை நின்ற இடத்திலேயே நிற்கும். அனுபவமுள்ள ஊழியர்கள் அதைக் கண்டதும் அந்த வரிசையின் நுழைவாயிலில் சங்கிலியை மாட்டி, தனியாக வருபவர்களையும் பெரிய வரிசைக்கே அனுப்பிவிடுவார்கள்.