காய்ச்சலின் இரண்டாம் நாள், டி செல்கள் எங்கே போகின்றன?

காய்ச்சல் தொடங்கிய மறுநாளே ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு வந்து உட்காருகிறவர்கள் நிறையப் பேர். லிம்போசைட் (டி செல்களும் அடங்கிய ஒரு வகை வெள்ளை அணு) என்ற வரிக்கு நேரே உள்ள எண் குறைவு என்று தடித்த எழுத்தில் இருக்கும். "எதிர்ப்பு சக்தியே போயிடுச்சா டாக்டர்?" என்பார்கள். கழுத்தைத் தொட்டுப் பார்த்தால் நெறி கட்டியிருக்கும். அது வேறொரு நோய் என்று அதற்கும் தனியாகப் பயம்.

பெரும்பாலும் இரண்டும் ஒரே கதைதான். உடம்பிலுள்ள லிம்போசைட்டுகளில் சுமார் 2 சதவீதம் மட்டுமே ஒரு நேரத்தில் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். மற்றவை நிணநீர் முடிச்சு, மண்ணீரல், குடல் போன்ற இடங்களில் இருக்கும். நாம் ஊசியில் எடுப்பது அந்த 2 சதவீதத்தில் ஒரு துளி.

வைரஸ் புகுந்த சில மணி நேரத்தில் செல்கள் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தைச் சுரக்கின்றன. காய்ச்சல், உடம்புவலியில் அதற்கும் பங்குண்டு. அதே சமயம் டென்ட்ரைட்டிக் செல்கள் என்ற காவல் செல்கள் வைரஸின் துண்டுகளைச் சுமந்துகொண்டு பக்கத்து நிணநீர் முடிச்சுக்குப் போகின்றன. அங்கேதான் தேடல் நடக்கிறது. ஒரு டி செல்லுக்குத் தன் ஏற்பியில் (செல்லின் மேலிருக்கும், அடையாளம் காணும் மூலக்கூறு) பொருந்தும் துண்டைத்தான் தெரியும். அதுவும் தனியாக வந்தால் தெரியாது, நம் செல்லின் மேற்பரப்பிலுள்ள ஒரு மூலக்கூறு அதை ஏந்திக் காட்ட வேண்டும் (இதைக் கண்டறிந்ததற்குத்தான் டோஹர்ட்டிக்கும் ஜிங்கர்நாகெலுக்கும் 1996இல் நோபல் பரிசு). முன்பின் பார்க்காத வைரஸ் என்றால், அதன் ஒரு துண்டுக்குப் பொருந்தும் டி செல் ஒரு லட்சத்திலிருந்து பத்து லட்சத்துக்கு ஒன்றுதான் இருக்கும்.

அந்த ஒன்றை எப்படிப் பிடிப்பது? நிணநீர் முடிச்சு வெளியே போகும் வழியைச் சில நாட்களுக்கு அடைத்துவிடுகிறது. இன்டர்ஃபெரான் பட்டதும், வெளியேறும் திசையைக் காட்டும் ஏற்பியை டி செல்கள் தற்காலிகமாக இழக்கின்றன. உள்ளே வருவது நிற்காது, போவது மட்டும் நிற்கும். முடிச்சு வீங்குகிறது (அதுதான் நெறி), ரத்தத்தில் எண்ணிக்கை இறங்குகிறது. உங்கள் ரிப்போர்ட்டில் காணாமல் போனவற்றில் பல, உங்கள் கழுத்து நெறிக்குள்தான் இருக்கின்றன.

பொருத்தமான டி செல் அகப்பட்டதும் ஓட்டத்தை நிறுத்தி, டென்ட்ரைட்டிக் செல்லோடு பல மணி நேரம் ஒட்டிக்கொண்டு நிற்கும். முதல் முறை பிரிய ஏறக்குறைய ஒரு நாள். அப்புறம் ஒரே நாளில் பல முறை பிரியும். ஒன்று பல ஆயிரமாகி, வைரஸ் குடியேறிய செல்களைத் தேடிப் போய்க் கொல்லத் தொடங்க ஒரு வாரம் பிடிக்கும். ஏற்கெனவே பார்த்த வைரஸ் என்றாலோ, தடுப்பூசி போட்டிருந்தாலோ முன்பே பழகித் தங்கியிருக்கும் நினைவு டி செல்கள் இந்த நாட்களை மிச்சப்படுத்தும்.

ஆக, இரண்டாம் நாள் என்பது ஆள் சேர்க்கிற நாள். அன்றைக்கு ஆன்டிபயாடிக் கேட்டுப் பிரயோஜனமில்லை, அது வைரஸைத் தொடாது. எனக்கு அதைவிடக் கவலை, எப்போதோ வாங்கி மிச்சமிருந்த ஸ்டீராய்டு மாத்திரையைத் தானே போட்டுக்கொண்டு வருகிறவர்கள். காய்ச்சல் இறங்கியிருக்கும், நெறியும் சுருங்கியிருக்கும். கூடவே டி செல்களின் வேலையும் மந்தமாகியிருக்கும்.

ஒரு வாரம் கழித்து இன்னொரு பயம் வரும்: ரிப்போர்ட்டில் 'அட்டிபிக்கல் லிம்போசைட்' என்றிருக்கும். இணையத்தில் தேடிவிட்டு ரத்தப் புற்றுநோயோ என்று வந்து நிற்பார்கள். சிலருக்கு ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்தே காட்டியிருக்கிறேன். வழக்கத்தைவிடப் பெரிய செல். நீலப் பாவாடை விரித்ததுபோல் ஓரம் பரந்து, பக்கத்துச் சிவப்பணுவை அணைத்தபடி வளைந்திருக்கும். எப்ஸ்டீன்-பார் வைரஸ் காய்ச்சலில் இவற்றில் பெரும்பாலானவை, பெருகி வெளியே வந்த டி செல்கள்தாம்.

சரி, எல்லா நெறியும் எல்லாக் குறைவும் இப்படித்தானா? இல்லை. எச்ஐவி டி செல்களையே அழிக்கிறது. கடுமையான தொற்றிலும் எண்ணிக்கை இறங்கியபடியே நிற்கலாம். மூச்சுத் திணறலோ மயக்கமோ இருந்தால் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நான்கு வாரமாகியும் கரையாத நெறி, கல்போல் கெட்டியான நெறி, கழுத்துப்பட்டை எலும்புக்கு மேலே வருகிற நெறி, கூடவே எடை குறைவது, இரவில் துணி நனையும்படி வியர்ப்பது, இவற்றை நேரில் காட்டுங்கள். மற்றவர்களை இரண்டு வாரம் கழித்து அதே பரிசோதனையைத் திரும்பச் செய்துகொண்டு வரச் சொல்கிறேன். பாதிப் பேர் வருவதே இல்லை.