டிவிடெண்ட் – ஈவுத்தொகை

லத்தீனில் 'டிவிடெண்டும்' என்றால் பிரிக்கப்பட வேண்டியது. அதிலிருந்து வந்த ஆங்கிலச் சொல் கணக்குப் பாடத்தில் வகுபடும் எண்ணைக் குறிக்கிறது. பங்குச்சந்தையில், நிறுவனம் தன் லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குத் தரும் பணத்தை. தமிழ் இந்த இடத்தில் கறாராக இருக்கிறது. 12-ஐ 4-ஆல் வகுத்தால் 12 வகுபடும் எண், 3 தான் ஈவு. பங்குதாரர் கைக்கு வருவதும் வகுத்துக் கிடைத்ததுதானே? அந்த வகையில் மூலச்சொல்லைவிட 'ஈவுத்தொகை'யே பொருத்தம் என்பேன். இலங்கையில் இதைப் 'பங்கிலாபம்' என்கிறார்கள். அதுவும் நல்ல சொல்தான்.

ஈவுக்கு வேர் 'ஈ', அதாவது கொடு. ஈ, தா, கொடு மூன்றையும் பிரித்துச் சொல்லும் தொல்காப்பியம், 'ஈ' என்பது தாழ்ந்தவன் கேட்கும் சொல் என்கிறது. பங்குதாரர் நிறுவனத்தின் உரிமையாளர் ஆயிற்றே என்று தோன்றலாம். ஆனால் நடைமுறையில் எவ்வளவு தரலாம் என்று பரிந்துரைப்பது இயக்குநர் குழு. இந்திய நிறுவனங்களின் வழக்கமான விதிப்படி, ஆண்டுப் பொதுக்கூட்டம் அந்தத் தொகையைக் கூட்ட முடியாது.

ஈவு பணமாகத்தான் வர வேண்டும் என்பதுகூட பிற்கால வழக்கம். 1602-இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1610-இல் முதல் ஈவாகச் சாதிபத்திரி என்ற நறுமணப் பொருளைக் கொடுத்தது!

முதலீட்டுக்கு வருவோம். '500 சதவீத டிவிடெண்ட்' என்ற செய்தியைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்தச் சதவீதம் முகமதிப்பின் மீது, அதாவது சந்தை விலை அல்லாமல் நிறுவனம் பங்குக்குக் குறித்து வைத்த மதிப்பின் மீது, கணக்கிடப்படுவது. முகமதிப்பு 1 ரூபாய் என்றால் கிடைப்பது 5 ரூபாய். அந்தப் பங்கு சந்தையில் 1,000 ரூபாய்க்கு விற்றால், உண்மையான வரவு அரை சதவீதம். டிவிடெண்ட் யீல்டு என்று சந்தையில் சொல்வது இந்தக் கடைசிக் கணக்கைத்தான். யீல்டு கூடுதலாகத் தெரிந்தாலும் சற்று நிதானிக்க வேண்டும்: நிறுவனம் தாராளமாகக் கொடுத்ததாலும் இருக்கலாம், பங்கு விலை சரிந்ததாலும் இருக்கலாம்.

அப்புறம், எக்ஸ் தேதி. அதற்கு முந்தைய வர்த்தக நாளுக்குள் வாங்கியவருக்குத்தான் ஈவு. சரி, முதல் நாள் வாங்கி, ஈவை உறுதிசெய்துகொண்டு மறுநாள் விற்றுவிடலாமே என்று பலரும் கணக்குப் போடுகிறார்கள். எக்ஸ் தேதியன்று பங்கு விலை ஏறக்குறைய ஈவின் அளவுக்கு இறங்கித்தான் தொடங்கும். நிறுவனத்தின் கஜானாவிலிருந்து பணம் வெளியே போகிறதே, மதிப்பு குறையாமல் எப்படி? இதற்கு மேல் தரகுக் கட்டணம் வேறு. 2020 ஏப்ரல் முதல் ஈவுத்தொகை பங்குதாரரின் வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படுவதால், உயர் வரி அடுக்கில் இருப்பவருக்கு இந்த உத்தி பெரும்பாலும் நஷ்டம்தான். ஆண்டுக்காண்டு ஈவு தரும் பங்கை நெடுநாள் வைத்திருந்து, வந்த தொகையில் மேலும் பங்கு வாங்குவது வேறு விஷயம். அதில் கூட்டுவட்டிபோல் பெருக வாய்ப்புண்டு.

ஏழு ஆண்டுகள் யாரும் கோராமல் கிடக்கும் ஈவுத்தொகை, மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியத்துக்குப் போய்விடும். அந்த ஏழு ஆண்டும் தொடர்ந்து ஈவு கோரப்படாவிட்டால் பங்குகளும் பின்னாலேயே போகும். இரண்டையும் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். தாத்தா பெயரில் பழைய பங்குப் பத்திரம் வைத்திருக்கும் வீடுகளில் தேடிப் பார்க்கலாம்.