முதல் ஊசிக்கு முன்னால் ஒரு பஞ்சுக்குச்சி

சென்ற செவ்வாய்க்கிழமை காலை எங்கள் கால்நடை நோய் ஆய்வக வாசலில் ஓர் உர மூட்டை இருந்தது. அவிழ்ப்பதற்கு முன்பே நாற்றம் வந்துவிட்டது. உள்ளே எட்டு வார வெண்பன்றிக் குட்டி ஒன்று. வயிறு உப்பி, அடிவயிற்றுத் தோல் பச்சை பூத்துக் கிடந்தது. முந்தைய நாள் மதியமே இறந்துவிட்டதாம். அறுபது கிலோமீட்டர் பைக்கில் கட்டிக்கொண்டு வந்திருந்தார் அந்த அண்ணன். "டாக்டரம்மா, பதினொரு குட்டி போய்விட்டது. என்ன கிருமி என்று மட்டும் சொல்லுங்கள், மருந்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

இதுவரை என்ன ஊசி போட்டீர்கள் என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து மருந்துக்கடைச் சீட்டை எடுத்து நீட்டினார். முதல் இரண்டு நாள் என்ரோஃப்ளாக்சசின், மூன்றாம் நாள் ஜென்டாமைசின், நான்காம் நாள் செஃப்ட்ரியாக்சோன். குட்டிகள் படுத்தபடியே சைக்கிள் மிதிப்பதுபோல் கால்களை அடித்து, தலை பின்னால் வளைந்து, சில மணி நேரத்தில் இறந்திருக்கின்றன.

வெறுங்கையோடு அனுப்ப மனம் வராமல் மாதிரி எடுத்தோம். மறுநாள், கிருமி வளர்க்கும் இரத்த அகார் தட்டு முழுவதும் புரோட்டியஸ் அலை அலையாகப் படர்ந்திருந்தது. குடலில் குடியிருக்கும் கிருமி அது. உயிர் போனதும் உடலெங்கும் பரவும். அந்தத் தட்டைப் பார்த்து எனக்குத் தெரிந்ததெல்லாம் குட்டி அழுகிவிட்டது என்பதுதான். அதை அவர் வாசலிலேயே மூக்கால் தெரிந்துகொண்டிருக்கலாம்.

இரண்டு மாதங்களில் இப்படி வந்த ஆறாவது மூட்டை இது. ஆறு பேரிடமும் தனித்தனியாகச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

பன்றியின் தோலுக்கடியில் கொழுப்பு தடித்திருப்பதால், செத்த பிறகும் உடற்சூடு எளிதில் இறங்காது. நம் ஊர் வெயிலில், சாக்குக்குள் கட்டிய உடலில், குடற்கிருமிகள் கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் நுரையீரலுக்கும் போய்ச் சேரச் சில மணி நேரம் போதும். நோயை உண்டாக்கிய கிருமி பெரும்பாலும் மெதுவாக வளரும், மென்மையான ஒன்று. அழுகல் கிருமிகளோ முரட்டுத்தனமாக வளரும். ஒரே தட்டில் இரண்டையும் விட்டால் எது மேலே தெரியும் என்று சொல்லவே வேண்டாம். மூன்று ஆன்டிபயாடிக் ஊசிகள் ஏறிய உடலென்றால் அந்த மென்மையான கிருமி தட்டில் வளராமலேயே போய்விடும். அது குட்டியைக் கொன்றிருக்கும். தடயம் மட்டும் நமக்குக் கிடைக்காது.

இதைவிட எனக்கு அதிகம் கவலை தருவது வேறொன்று. தட்டில் ஏதாவது வளர்ந்தால், அதுதான் நோய்க்குக் காரணம் என்று பண்ணையாளர்கள் மட்டுமல்ல, எங்கள் துறையிலேயே சிலரும் நம்பிவிடுகிறார்கள். அறிக்கையில் 'ஈ.கோலை' என்று ஒரு வரி, அதன் கீழே எந்தெந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று ஒரு பட்டியல். உடனே பட்டியலில் முதலில் இருக்கும் மருந்தை வாங்கி மொத்தக் கொட்டகைக்கும் ஊசி போட்டுவிடுகிறார்கள். அந்த ஈ.கோலை எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை. ஆரோக்கியமான பன்றியின் சாணத்திலும் ஈ.கோலை இருக்கிறது. என் குடலிலும் இருக்கிறது, உங்கள் குடலிலும் இருக்கிறது. பால் மறந்த குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஈ.கோலை தனி வகை. குடல்சுவரைப் பற்றிக்கொள்ள எஃப்4 அல்லது எஃப்18 என்ற இழைகள் அதற்கு வேண்டும், நச்சைச் சுரக்கும் மரபணுவும் வேண்டும். இரத்த அகாரில் சிவப்பணுக்களைக் கரைத்துத் தெளிந்த வளையம் காட்டினால் சந்தேகம் வலுக்கும், அவ்வளவுதான். பிசிஆர் பரிசோதனையில் அந்த இழை மரபணுவும் நச்சு மரபணுவும் தெரிந்த பிறகுதான் இதுதான் காரணம் என்று நான் கையெழுத்திடுவேன்.

மூக்கிலிருந்தும் தொண்டையிலிருந்தும் மாதிரி எடுத்து அனுப்புவதும் இப்படித்தான். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ் என்ற கிருமி பன்றியின் தொண்டைச் சதையில் (டான்சில்) வாழ்வது. பிறக்கும்போதே தாயிடமிருந்து குட்டிக்கு வந்துவிடும். நல்ல திடமான பன்றியின் தொண்டையைத் துடைத்தாலும் கிடைக்கும். அதே கிருமி மூளை உறையிலிருந்தோ வீங்கிய மூட்டின் நீரிலிருந்தோ வளர்ந்தால் செய்தியே வேறு. கிளேசரெல்லா பாராசூயிஸ் என்ற இன்னொரு கிருமி மூக்கில் கிடைத்தால் பெரிதாக அர்த்தமில்லை. இதய உறையில் வெள்ளைப் படலமாகப் படிந்திருக்கும் நாரிலிருந்து கிடைத்தால் அர்த்தம் உண்டு. எந்தக் கிருமி என்பது பாதிக் கேள்வி. எந்த இடத்திலிருந்து வந்தது என்பது மறு பாதி. படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்புகிறார்களே, எவ்வளவு கோபம் வரும் என்று இங்கே வந்து நின்று பார்த்தால் தெரியும்.

இந்தத் தவறு புதிதல்ல, சிறியவர்கள் மட்டும் செய்ததும் அல்ல. அமெரிக்காவில் பன்றிகள் கூட்டம் கூட்டமாக இறந்துகொண்டிருந்த காலத்தில், 1885-இல், கால்நடை மருத்துவர் டேனியல் சால்மனின் கீழ் பணியாற்றிய தியோபால்ட் ஸ்மித் இறந்த பன்றிகளிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். பன்றிக் காலரா என்ற அந்தக் கொள்ளைநோயின் காரணம் அகப்பட்டுவிட்டது என்றே நம்பினார்கள். அந்த பாக்டீரியாதான் இன்று சால்மனெல்லா காலரேசூயிஸ் என்று அழைக்கப்படுகிறது. 1903-இல் டி ஷ்வைனிட்ஸ், டோர்செட் என்ற இரு ஆய்வாளர்கள் நோயுற்ற பன்றியின் இரத்தத்தை, பாக்டீரியாக்கள் புக முடியாத வடிகட்டியில் வடித்து, அந்தத் திரவத்தாலேயே நோய் வருவதைக் காட்டினார்கள். உண்மையான காரணம் ஒரு வைரஸ். நாம் பண்ணையில் பன்றிக் காய்ச்சல் என்று சொல்லும் நோய்; மனிதர்களுக்கு வரும் பன்றிக் காய்ச்சல் (ஃபுளூ) வேறு. வைரஸ் உடலைத் தளர்த்திய பிறகு உள்ளே நுழைந்த கிருமிதான் தட்டில் வளர்ந்து அத்தனை பேரையும் ஏமாற்றியது. அவ்வளவு பெரிய அறிஞர்களே தவறியிருக்கிறார்கள் என்றால், நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

ஆகவே பண்ணையில் எல்லா வயதுப் பன்றிகளும் கடுங்காய்ச்சலோடு படுத்து, காதும் அடிவயிறும் சிவந்து ஊதா நிறமாகி, வளர்ந்த பன்றிகள் அடுத்தடுத்து விழுந்தால், தயவுசெய்து உடலை ஆய்வகத்துக்குத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். அரசு கால்நடை மருத்துவரை அங்கேயே வரவழையுங்கள். இதே போன்ற அறிகுறிகளோடு வரும் இன்னொரு வைரஸ் நோயான ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020-இல் அஸ்ஸாமில் நுழைந்தது. 2022 ஜூலையில் பக்கத்திலுள்ள வயநாட்டில் உறுதியானது. இறந்த பன்றியோடு நீங்கள் கடக்கும் ஒவ்வொரு ஊரும் ஆபத்தில் விழும். ஆன்டிபயாடிக் அதற்கு எந்தப் பயனும் தராது.

தொண்டை வீங்கித் திடீரென்று இறந்தாலோ, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத இரத்தம் கசிந்தாலோ, உடலைக் கிழிக்கவே கூடாது. அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். மருத்துவர் காதின் இரத்தக் குழாயிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் பூசிக்கொள்வார். பாலிகுரோம் மெத்திலீன் நீலச் சாயத்தில் கிருமி தெரியலாம். உடல் திறந்து காற்றுப் பட்டால் கிருமி வித்துகளாக மாறி அந்த மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும்.

மற்றபடி, குட்டிகள் நோய்வாய்ப்பட்டால் செய்ய வேண்டியது இதுதான். முதல் ஊசிக்கு முன்னால் மாதிரி எடுங்கள். அப்போதுதான் நோய்க்குறி தொடங்கிய, இன்னும் மருந்து படாத குட்டிகள் இரண்டு மூன்றை உயிரோடு கொண்டுவந்தால் எங்களுக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது. ஏற்கெனவே நாள்பட்டு எலும்பும் தோலுமாகிப்போன, விற்க முடியாத குட்டியைத்தான் எல்லோரும் கொண்டுவருகிறார்கள். அதில் முதல் நோய்க்குப் பிறகு வந்து ஒட்டிக்கொண்ட மூன்றாவது, நான்காவது நோய்தான் கிடைக்கும். நல்ல குட்டியை இழக்க மனம் வராது என்பது எனக்குப் புரிகிறது. அந்த ஒன்றுதான் மற்ற நாற்பதையும் காப்பாற்றும்.

உயிரோடு கொண்டுவர வழியில்லை என்றால், இறந்த சில மணி நேரத்துக்குள் உங்கள் மருத்துவரைக் கொண்டு பிரேதப் பரிசோதனை செய்து, உறுப்புகளைத் தனித்தனிப் பையில் போட்டு, தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் பைகளுக்கு நடுவே வைத்து அன்றே அனுப்புங்கள். உறைய வைக்காதீர்கள். குடலும் நுரையீரலும் ஒரே பையில் வந்தால் நுரையீரல் வீண். பார்மலினில் போட்டால் திசுப் பரிசோதனை செய்யலாம், கிருமி வளர்க்க முடியாது. அதற்குள் எல்லாம் செத்துப்போயிருக்கும். போன மாதம் ஒரு மருத்துவரே மூளை முழுவதையும் பார்மலினில் அனுப்பி, கிருமி வளர்த்துத் தரும்படி எழுதியிருந்தார். பாதியை அப்படியும் பாதியை ஐஸிலும் அனுப்பியிருந்தால் இரண்டு வேலையும் நடந்திருக்கும்.

எதைச் சந்தேகிக்கிறீர்கள் என்று படிவத்தில் எழுதுங்கள். தேடாத கிருமி தட்டில் தானாக வந்து நிற்காது. நுரையீரலைத் தாக்கும் ஆக்டினோபேசில்லஸ் புளூரோநிமோனியே வளர வேண்டுமானால் என்ஏடி என்ற ஊட்டப்பொருள் தேவை; தட்டில் ஸ்டாஃபைலோகாக்கஸைக் கோடாக இழுத்துவிட்டு, அந்தக் கோட்டை ஒட்டிப் பொட்டுப் பொட்டாக அது முளைப்பதைப் பார்ப்போம். இரத்தச் சீதபேதியின் பிராக்கிஸ்பைரா காற்றில்லாத ஜாடியில் பல நாள் காத்திருந்தால்தான் வரும். குடலைத் தாக்கும் லாசோனியா எந்தத் தட்டிலும் வளராது, அதற்கு உயிருள்ள செல்கள் வேண்டும். ஆகவே சாணத்தில் பிசிஆர்தான் வழி. இவற்றைக் கேட்காமல் அனுப்பிவிட்டு, 'வளர்ச்சி இல்லை' என்ற அறிக்கையைக் காட்டி "லேபில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள்" என்று பேசுவது எங்கள் உழைப்புக்குச் செய்யும் அநியாயம்.

வலிப்பு கண்டவுடன் கிருமி என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் நிப்பிள் அடைத்துக்கொண்டு ஒன்றிரண்டு நாள் தண்ணீர் கிடைக்காத கொட்டகையிலும், உப்பு மிகுந்த ஓட்டல் கழிவு போடும் இடத்திலும், பன்றிகள் இதே மாதிரி வலிப்பில் விழும். உப்பு மூளையைத் தாக்குவதால் வருவது அது. பதறிப்போய்த் தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றாதீர்கள், இன்னும் சாகும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட வேண்டும்.

மருந்து விஷயத்தில் ஒரே ஒரு வேண்டுகோள். தட்டில் வைத்த மருந்து வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் அகலமாக விழுந்தால் மட்டும் அந்த மருந்து பன்றியின் மூளைக்குள் போய்ச் சேர்ந்துவிடாது. ஜென்டாமைசின் மூளை உறைக்குள் போதிய அளவு போகாது, ஸ்ட்ரெப்டோகாக்கஸிடம் தனியாக அதற்கு வலுவும் குறைவு. அந்த அண்ணன் மூன்றாம் நாள் போட்டது அதைத்தான். எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை மருத்துவரிடம் கேளுங்கள், மருந்துக்கடைக்காரரிடம் கேட்காதீர்கள். கொலிஸ்டின் பழைய டப்பா எங்காவது இருந்தால் தொடாதீர்கள். உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அதை 2019 ஜூலையில் இந்திய அரசு தடை செய்துவிட்டது. அந்த மருந்துக்கு அடங்காத தன்மையைத் தரும் எம்சிஆர்-1 மரபணு ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது என்று 2015-இல் சீனாவிலிருந்து அறிவித்தார்களே, அந்த ஆய்வு தொடங்கியதே ஒரு பன்றியிடம் கிடைத்த ஈ.கோலையில்தான். மனிதர்களின் உயிரைக் காக்கக் கடைசியாக எடுக்கும் மருந்துகளில் ஒன்று கொலிஸ்டின்.

அந்த அண்ணன் வெள்ளிக்கிழமை மறுபடியும் வந்தார். இந்த முறை கூடையில் இரண்டு குட்டிகள், உயிரோடு, ஊசி படாமல். ஒன்று அப்போதுதான் தள்ளாடத் தொடங்கியிருந்தது. மூளை உறையிலிருந்து எடுத்த பஞ்சுக்குச்சி மறுநாள் காலை பச்சை படர்ந்த சின்னச் சின்னப் புள்ளிகளைக் கொடுத்தது. கிராம் சாயத்தில் ஊதாச் சங்கிலிகள். பிசிஆரில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ். பெனிசிலினுக்கே கட்டுப்பட்டது. விலை குறைந்த, பழைய மருந்து. மீதிக் குட்டிகளை அவருடைய மருத்துவர் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார்.

முடிவைச் சொல்லும்போதுதான் அவருடைய வலது கையைக் கவனித்தேன். பெருவிரலில் ஆறாத வெட்டு. பதினொரு குட்டிகளையும் அந்தக் கையால்தான் தூக்கிப் புதைத்திருக்கிறார். 2005-இல் சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் இதே கிருமி, நோயுற்ற பன்றிகளை அறுத்தவர்களையும் கையாண்டவர்களையும் தாக்கி, 215 பேருக்கு நோய் வந்து 38 பேர் இறந்தார்கள். பிழைப்பவர்களில் பலருக்குக் காது கேட்காமல் போவது இந்த நோயின் கொடுமை. கையுறை போடுங்கள். காயத்தை மூடுங்கள். சாகப்போகிற பன்றியை அறுத்து விற்காதீர்கள், உண்ணாதீர்கள். காய்ச்சலும் தலைவலியும் கழுத்து விறைப்பும் வந்தால், காது மந்தமானால், ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்ததும் நான் பன்றி வளர்க்கிறேன் என்று சொல்லுங்கள். அவர்களாகக் கேட்க மாட்டார்கள். அவரிடமும் இதைத்தான் இரண்டு முறை சொல்லி, ஒரு பெட்டி கையுறையும் கொடுத்து அனுப்பினேன்.