ஆபீஸ் பத்து நிமிஷம், பாட்டு கிளாஸ் முக்கால் மணி நேரம்: டெல்டாவில் வீடு தேடுகிறவர்களுக்கு

வங்கிக் கடனுக்காக வீடு, மனைகளைப் பார்த்து மதிப்பீட்டு அறிக்கை எழுதுவது என் தொழில். கும்பகோணத்தில் இருந்துகொண்டு மேற்கே தஞ்சாவூர், கிழக்கே மயிலாடுதுறை வரை சுற்றுகிறேன். அறிக்கையில் சுற்றுப்புறம் என்று ஒரு பகுதி வரும். பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கடைத்தெரு ஒவ்வொன்றும் எத்தனை கிலோமீட்டர் என்று நிரப்பிக் கையெழுத்துப் போட்டால் வங்கிக்குப் போதும். அந்த வீட்டில் இருபது வருஷம் குடியிருக்கப் போகிற குடும்பத்துக்கு அது போதாது.

மனை வாங்குகிறவர்கள் என்னிடம் முதலில் சொல்வது ஏறக்குறைய ஒரே வாக்கியம்தான்: “ஆபீஸ்லேருந்து பத்தே நிமிஷம் மேடம்.” சொல்பவர் பெரும்பாலும் அப்பா. அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் சாயங்காலம் ஐந்தரைக்குப் பிள்ளையை ஸ்கூட்டியில் உட்காரவைத்துப் பாட்டு கிளாஸுக்குக் கூட்டிப்போய், வாசலிலேயே காத்திருந்து, திரும்பக் கூட்டிவருகிற அம்மாவுக்கு அது எத்தனை நிமிஷம்? வேலைக்குப் போகிற தூரத்தை கூகுள் மேப்பில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுக்கிறார்கள். இந்த இரண்டாவது தூரத்தை அளந்து பார்த்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

புறவழிச்சாலையை ஒட்டிய ஒரு புதுநகரில் வீட்டை அளக்கப் போயிருந்தேன். வீட்டுக்காரருக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, மனைவி ஸ்டாஃப் நர்ஸ், ஒரே பெண், ஐந்தாம் வகுப்பு. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு கால அட்டவணை ஒட்டியிருந்தது. செவ்வாய், வியாழன் வயலின். சனிக்கிழமை ஓவியம். ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் கொண்டுவிடுவது, யார் கூட்டிவருவது என்று எழுதியிருந்தார்கள். அம்மாவுக்கு மதிய டூட்டி வருகிற வாரங்களில் வயலின் மேல் நீல மையில் கோடு. அந்தத் தாளில் பாதிக்கு மேல் நீலமாகத்தான் இருந்தது. வீடு நல்ல வீடு, சுவரில் ஒரு விரிசல் இல்லை. நானும் நல்ல மதிப்புதான் எழுதினேன்.

ஆகவே வீடு பார்க்க வருகிறவர்களிடம் நான் கேட்கச் சொல்கிற கேள்வி இது. பத்து வயசுப் பிள்ளை தனியாக நடந்தோ சைக்கிள் மிதித்தோ போய், விளக்கு வைப்பதற்குள் திரும்பி வரக்கூடிய தூரத்தில் இங்கே என்ன இருக்கிறது?

காவிரிக் கரையில் இந்தக் கேள்விக்குக் கிடைக்கிற பதில் பெரிய நகரங்களில் கிடைக்காது. கும்பகோணத்தில் வேலை பார்ப்பவருக்குப் பத்து கிலோமீட்டருக்குள் மேற்கே தாராசுரம், சுவாமிமலை, கிழக்கே திருபுவனம், தென்கிழக்கே நாச்சியார்கோயில் இருக்கின்றன. சுவாமிமலையின் ஐம்பொன் சிலைக்கும், நாச்சியார்கோயில் குத்துவிளக்குக்கும், திருபுவனம் பட்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு. இன்னும் கிழக்கே போனால் ஆடுதுறைப் பக்கம் நரசிங்கம்பேட்டை. நாதஸ்வரம் செய்கிற ஊர், அதற்கும் குறியீடு கிடைத்துவிட்டது. இந்த ஊர்களில் கைவேலை காட்சிப்பொருள் அல்ல, தெருவில் நடக்கிற பிழைப்பு.

சுவாமிமலையில் ஒரு வீட்டை அளக்கப் போனபோது பக்கத்துப் பட்டறை வாசலில் இரண்டு பையன்கள் புத்தகப்பையைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே ஸ்தபதி மெழுகில் ஒரு அம்மன் உருவம் பிடித்துக்கொண்டிருந்தார். குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துப் பக்குவப்படுத்திய மெழுகு. உருவம் முடிந்ததும் அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடு காட்டி மெழுகை வடியவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். பையன்கள் பார்த்துக்கொண்டிருந்தது மெழுகை அல்ல, அவர் கையிலிருந்த தென்னை ஓலை நறுக்கை. சிலையின் உயரத்துக்கு வெட்டிய ஓலையை மடித்து, மடித்ததை இன்னொருமுறை மடித்து, முகத்துக்கு இவ்வளவு, கழுத்துக்கு இவ்வளவு என்று குறித்துக்கொண்டிருந்தார். டேப் கிடையாது. பின்னக் கணக்கைப் புத்தகத்தில் பார்த்துப் பயந்த பிள்ளை இதை ஒரு வாரம் வேடிக்கை பார்த்தால் போதும் என்று தோன்றியது.

இதைப் படித்துவிட்டுப் பட்டறைக்கு அடுத்த வீட்டையே வாங்கிவிடாதீர்கள். வார்ப்படம் ஊற்றுகிற நாளில் உலைப்புகை வரும். ராவுகிற சத்தமும் மெருகு மெஷின் சத்தமும் பகல் முழுக்க இருக்கும். தாராசுரத்திலும் திருபுவனத்திலும் தறிச்சத்தம். வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தையோ, இரவு டூட்டி பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவரோ இருந்தால் இரண்டு தெரு தள்ளிப் பாருங்கள். பிள்ளைக்கு நடை தூரமும் உங்களுக்குத் தூக்கமும் கிடைக்கும்.

தஞ்சாவூரில் கணக்கு வேறு மாதிரி. மருத்துவக் கல்லூரி சாலை, புதிய பஸ் நிலையம், வல்லம் பக்கத்துப் பல்கலைக்கழகங்கள் என்று வேலை இருக்கிற திசையிலேயே புது மனைகளும் வருகின்றன. வல்லம் பக்கம் மேட்டு நிலம், செம்மண், அஸ்திவாரத்துக்கு அருமையான இடம். பொறியாளராக எனக்குப் பிடித்த பக்கம் அதுதான். ஆனால் அரண்மனை, நான்கு ராஜ வீதிகள், வீணை செய்கிற தெற்கு வீதி, சிவகங்கைப் பூங்கா எல்லாம் பழைய நகரத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டுமென்றால் மருத்துவக் கல்லூரி சாலையைப் பார்க்கலாம். தென்னகப் பண்பாட்டு மையம் அங்கேதான் இருக்கிறது. கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றம் பற்றியும் விசாரியுங்கள். பாட்டு, பரதம், ஓவியம் எல்லாம் குறைந்த கட்டணத்தில் 5 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறார்கள். தனியார் கிளாஸுக்கு மாதம் ஆயிரக்கணக்கில் கட்டுகிற பல பெற்றோருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

திருவையாறு தஞ்சாவூரிலிருந்து பதின்மூன்று கிலோமீட்டர்தான். அரசு இசைக் கல்லூரி இருக்கிறது, ஆற்றங்கரை இருக்கிறது. பிள்ளைக்குச் சங்கீதம்தான் முக்கியம் என்றால் இதைவிட நல்ல ஊர் எனக்குத் தெரியாது. தியாகராஜர் ஆராதனை நாட்களில் மட்டும் காலை ஒன்பது மணி ஆபீஸை நம்பாதீர்கள்.

இனி அப்பாக்களின் பத்து நிமிஷத்துக்கு வருவோம். அந்தப் பத்து நிமிஷம் சித்திரை மாதம் ஞாயிற்றுக்கிழமை அளந்ததாக இருக்கும். தை, மாசியில் சம்பா அறுவடை. கொள்முதல் நிலையத்தின் முன்னால் டிராக்டரும் லாரியும் வரிசை கட்டும். சாலையின் ஒரு பக்கம் நெல் காயும். அவர்கள் ஊர், அவர்கள் நெல். மனை போட்ட நாமெல்லாம் பின்னால் வந்தவர்கள், ஹாரன் அடித்துப் புண்ணியமில்லை. அந்த இரண்டு மாதமும் எவ்வளவு நேரம் ஆகும் என்று உள்ளூர்க்காரரிடம் கேட்டு, அதையே உங்கள் பயண நேரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் நடுவே நாற்பது கிலோமீட்டர். தினமும் போய்வருகிறவர்கள் பாபநாசம், அய்யம்பேட்டை மாதிரி நிலையம் உள்ள ஊர்களைக் கவனிக்கலாம். சீசன் டிக்கெட் மலிவு. ஆனால் இந்தப் பாதை இன்னும் ஒற்றைத் தடம். கிராசிங்குக்கு நிறுத்தினால் நிறுத்தியதுதான். ரயிலை நம்பி வீடு வாங்கினாலும் பஸ் ரூட் ஒன்று கையில் இருக்கட்டும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. வீட்டில் இரண்டு பேரும் வேலைக்குப் போனால், மனை வழியாக அந்த பஸ் போகிறதா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பாருங்கள். வயதுவந்த பெண்பிள்ளை கிளாஸுக்குப் போய்வரவும் அது உதவும்.

விளம்பர நோட்டீஸில் ஒரு பச்சைக் கட்டம் இருக்குமே, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பக்கத்தில் ஊஞ்சலில் ஒரு குழந்தை சிரிக்கும். நேரில் போய்ப் பாருங்கள். கதவில்லாத இரும்பு கேட், உள்ளே சீமைக்கருவேலம், நடுவில் டிரான்ஸ்பார்மர், ஒரு மூலையில் யாரோ வைத்த வைக்கோல் போர். நான் பார்க்கிற பூங்கா இடங்களில் பெரும்பாலானவை இந்த லட்சணம்தான்.

விதி என்ன சொல்கிறது? மனைப்பிரிவின் பரப்பு 3,000 சதுர மீட்டருக்குள் என்றால் பொது இடம் விடத் தேவையில்லை. 3,000 முதல் 10,000 வரை என்றால் சாலை போக மீதியில் 10 சதவீதம் விட வேண்டும், அல்லது அதற்கு வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டிவிடலாம். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் பணம் கட்டித் தப்ப முடியாது. நிலத்தையே தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குக் கொடுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். ஒருவர் இரண்டேகால் ஏக்கரில் ஒரு நகர், அதை ஒட்டியே வேறு பெயரில் இன்னொரு இரண்டேகால் ஏக்கர் நகர் என்று போட்டிருந்தால் உங்களுக்குக் காரணம் புரிந்துவிடும். நோட்டீஸை விட்டுவிட்டு, நகர் ஊரமைப்பு அலுவலகம் ஒப்புதல் கொடுத்த வரைபடத்தைக் கேளுங்கள். பூங்காவுக்கான தானப் பத்திர எண்ணைக் கேளுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேலோ எட்டு மனைக்கு மேலோ இருந்தால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் கட்டாயம். பூங்கா என்று காட்டிய இடத்தையே பிற்பாடு மனையாக விற்று, வழக்கு நீதிமன்றம் வரை போனதும் உண்டு.

பூங்கா காலியாகக் கிடப்பதாலேயே நகரை ஒதுக்க வேண்டாம். குடியிருப்போர் சங்கம் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். கருவேலத்தை வெட்டி ஒரு வாலிபால் நெட் கட்டினாலே அந்த நகரின் சாயங்காலம் மாறிவிடும்.

தண்ணீர் விஷயம் டெல்டாவில் எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் மனை வாங்கும்போது மறந்துபோகிறது. மேட்டூர் ஜூன் 12-ல் திறந்து ஆற்றில் தண்ணீர் வருவது பிரச்சினை இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் வயலும் நிரம்பி மழையும் கொட்டும்போது, தூர்ந்துபோன வடிகால்தான் பிரச்சினை. நன்செயை மனையாக்கும்போது வாய்க்காலை மூடியிருக்கிறார்களா என்பதைப் புலப்படத்தில் (சர்வே எண்ணுக்கான நில அளவை வரைபடம்) பார்க்கலாம். அக்கம்பக்கத்தில் வயசான ஒருவரைப் பிடித்து, 2008 நிஷா புயல் மழையில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். “அந்தத் திண்ணைக்கு மேல நின்னுச்சும்மா” என்று கையால் காட்டுவார். பழைய வீடு என்றால் ரோட்டைவிட உள்தரை எவ்வளவு உயரம் என்று அளந்து பாருங்கள். ரோட்டின் மேலேயே ரோடு போட்டுப் போட்டு, வாசற்படி மூன்று இருந்த வீட்டில் இப்போது ஒன்றுதான் மிச்சம். களிமண் நிலத்தில் கோடையில் விரல் நுழைகிற வெடிப்பு தெரிந்தால், அஸ்திவாரச் செலவுக்குத் தனியாக ஒரு தொகை ஒதுக்கிவிட்டு விலை பேசுங்கள்.

பள்ளிக்கூடம் எத்தனை கிலோமீட்டர் என்பதோடு, மாடிப்படி எத்தனை, எவ்வளவு அகலம் என்றும் பார்க்க வேண்டும். 2004 ஜூலை 16-ல் 94 குழந்தைகளைப் பள்ளிக்கூடத் தீயில் பறிகொடுத்த கும்பகோணத்து ஊர்க்காரி நான். அட்மிஷனுக்குப் போகிற பெற்றோர் ஸ்மார்ட் போர்டைப் பார்ப்பதற்கு முன்னால் படிக்கட்டைப் பார்க்க வேண்டும் என்பேன்.

பிள்ளைகளுக்கு ஏற்ற தெரு எது என்று என்னைக் கேட்டால், கும்பகோணத்தின் பழைய தெருக்களைத்தான் சொல்வேன். திண்ணை வைத்த வீடுகள், தெருக்கோடியில் குளம், மார்கழியில் பஜனை, வாசலில் உட்கார்ந்து போகிற வருகிற பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற பாட்டிகள். வயலின் டீச்சர் மூன்றாவது வீட்டிலேயே இருப்பார். ஆனால் வாங்கும்போது கவனம் வேண்டும். இந்தத் தெருக்களில் பல வீடுகளுக்கு அடிமனை கோயிலுடையது அல்லது மடத்தினுடையது. வீட்டு வரி ரசீது விற்பவர் பெயரில் இருக்கும், கரண்ட் கனெக்‌ஷன் அவர் பெயரில் இருக்கும், கட்டடமும் அவருடையதாகவே இருக்கும். நிலம் மட்டும் அவருடையதாக இருக்காது. அறநிலையச் சட்டம் 1959-ன் 34-வது பிரிவின்படி ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்க முடியாது. இப்படிப்பட்ட வீட்டுக்கு வங்கியில் கடன் கிடைப்பது கஷ்டம். வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். பழைய பத்திரங்களில் கட்டடத்தை மட்டும் கைமாற்றியிருப்பார்கள். நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை வாங்கி, நிலம் யார் பெயரில் என்று பாருங்கள். கிராமம் என்றால் ‘அ’ பதிவேடு எனும் வருவாய்த் துறையின் நிலப் பதிவேடு.

அதனால் அந்தத் தெரு பிடித்திருந்தால் முதலில் வாடகைக்குப் போங்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது குடிபோனால் தைப்பொங்கலுக்குள் ஒரு அடைமழை, ஒரு தீபாவளி நெரிசல், ஒரு அறுவடைத் தொடக்கம் எல்லாம் பார்த்துவிடலாம். பிள்ளை தனியாகப் போய்வரப் பழகிவிட்டதா என்பதும் அதற்குள் தெரிந்துவிடும். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு அதே தெருவில், பட்டா தெளிவாக உள்ள வீடு விலைக்கு வருகிறதா என்று காது கொடுத்து இருங்கள். தெருமுனை மளிகைக் கடைக்காரரிடம் சொல்லி வையுங்கள். எந்த வீட்டில் பாகப்பிரிவினை பேச்சு நடக்கிறது, எந்த வீட்டுப் பிள்ளை சென்னையிலேயே தங்கிவிட்டான் என்பதெல்லாம் புரோக்கருக்கு முன்னால் அவருக்குத்தான் தெரியும்.